‘பாலிசி விக்கவா பி.காம்?’ – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் காப்பீட்டுப் படிப்பு பற்றி வந்த கேள்விகள். பதில் சொல்பவர், பொதுத்துறை பொதுக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளைம் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இப்போது மதுரை வட்டாரக் கல்லூரிகளில் இன்ஷூரன்ஸ் பாடம் எடுக்கிறார்.

என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. பி.காம். பேங்கிங் அண்ட் இன்ஷூரன்ஸ்தான் சேருவேன் என்கிறாள். “ஏஜென்ட் ஆகப் பத்தாவது போதுமே, பாலிசி விக்கவா பி.காம்?” என்று என் அண்ணன் கேலி செய்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், திண்டுக்கல்

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. ஏஜென்ட் ஆகப் பத்தாம் வகுப்பும் ஒரு தேர்வும் போதும். ஆனால் ஏஜென்ட் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனபிறகு நடப்பதைத்தான் உங்கள் மகள் படிக்கப்போகிறாள். அந்தப் பிரீமியம் ஏன் அவ்வளவு என்று முடிவு செய்தவர் யார்? பாலிசியில் அந்தப் பொடி எழுத்து நிபந்தனைகளை எழுதியவர் யார்? கம்பெனி தன் சுமையை வேறு யார் தலையில் பகிர்ந்து வைத்திருக்கிறது? தீ அணைந்த மறுநாள் காலை கிடங்கு வாசலில் குறிப்புப் புத்தகத்தோடு நிற்பவர் யார்? இவர்கள் எல்லோரும் படித்துத்தான் ஆகவேண்டும்.

முதல் வகுப்பில் நான் போடும் கணக்கைச் சொல்கிறேன். அண்ணனிடமும் கேட்டுப் பாருங்கள். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்காரர். தீப்பிடித்த அன்று அவர் கிடங்கில் 80 லட்ச ரூபாய்க்குக் காகிதம் இருந்தது. பிரீமியம் கொஞ்சம் மிச்சமாகட்டும் என்று அவர் எடுத்திருந்த பாலிசியோ 60 லட்சத்துக்கு. எரிந்தது 40 லட்சம். எவ்வளவு கிடைக்கும்?

வகுப்பே “40 லட்சம்” என்று கத்தும், 60-க்குள்தானே இருக்கிறது என்று. கிடைப்பது 30 லட்சம். 80-க்குப் போடவேண்டியதை 60-க்குப் போட்டதால் முக்கால் பங்கைத்தான் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மிச்சக் கால் பங்குக்கு அவரே தனக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி. எரிந்ததிலும் அதே விகிதம்தான். இந்த நிபந்தனையை ஆவரேஜ் கிளாஸ் (average clause) என்பார்கள். சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் 15 சதவீதம்வரை குறைத்துப் போட்டிருந்தால் கண்டுகொள்ளமாட்டார்கள். இவர் குறைத்தது 25 சதவீதம், தப்ப வழியில்லை. அதே சமயத்தில் வீடுகளுக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’வில் இந்த வெட்டே கிடையாது.

ஏன் வீட்டுக்கு ஒரு நியாயம், கிடங்குக்கு ஒரு நியாயம்? வியாபாரியிடம் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது, பேலன்ஸ் ஷீட் இருக்கிறது, தன் சரக்கின் மதிப்பு அவருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு இன்றைய தேதியில் அதே வீட்டைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று தெரியாது. இதை இரண்டு பக்கத்துக்கு விரித்து, எதிர்வாதத்தையும் சேர்த்து எழுதத் தெரிந்தால் அவள் இன்ஷூரன்ஸ் படித்தவள். பாலிசி விற்கத் தெரிந்த பலருக்கு இது தெரியாது. அதனால்தான் கிளைம் நேரத்தில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “ஏஜென்ட் சொல்லவே இல்லையே மேடம்” என்று அழுகிறவர்களை நான் பார்க்கவேண்டியிருந்தது.

இனி கல்லூரி. பாடப்பிரிவின் பெயரில் இன்ஷூரன்ஸ் இருப்பதால் பாடத்திலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சில இடங்களில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து இரண்டு தாள்தான் இன்ஷூரன்ஸ், மற்றதெல்லாம் வழக்கமான பி.காம். பல்கலைக்கழகத் தளத்தில் பாடத்திட்டத்தை எடுத்துப் படியுங்கள். காப்பீட்டுச் சட்டம், அண்டர்ரைட்டிங் (எந்த ஆபத்தை, என்ன நிபந்தனையில் ஏற்பது என்று முடிவு செய்வது), கிளைம், மறுகாப்பீடு, ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். சேர்க்கைக்குப் போகும்போது துறைத் தலைவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “உங்கள் மாணவர்கள் ஒரு முழு பாலிசியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வகுப்பில் வாசிப்பார்களா?” அவர் முழித்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.

எந்தக் கல்லூரியானாலும், மும்பையிலிருக்கும் இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவின் தேர்வுகளைக் கூடவே எழுதச் சொல்லுங்கள். 1955-லிருந்து நடக்கும் நிறுவனம். லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெல்லோ என்று மூன்று படிகள். பட்டம் வாங்கும்போதே முதல் படியைத் தாண்டியிருந்தால், நேர்முகத் தேர்வில் “ஏன் இன்ஷூரன்ஸ்?” என்ற கேள்விக்குக் கதை சொல்லவேண்டியிருக்காது.

எனக்குக் கணக்கு வராது. இன்ஷூரன்ஸ் படிக்கலாமா?
– பிளஸ் ஒன் மாணவர், தேனி

மேலே உள்ள சிவகாசிக் கணக்கு புரிந்ததா? புரிந்திருந்தால் படிக்கலாம். சதவீதம், விகிதம், கொஞ்சம் நிகழ்தகவு, இவ்வளவுதான் பி.காம். அளவில். கணக்கைவிட உங்களைச் சோதிக்கப்போவது ஆங்கில வாசிப்பு. பாலிசி வாசகத்தில் ஒரு ‘அல்லது’ எங்கே விழுகிறது என்பதற்காக உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். பத்து வரிக்கு ஒரே முற்றுப்புள்ளி இருக்கும் வாக்கியத்தைப் பொறுமையாகப் பிரித்துப் படிக்க இப்போதே பழகுங்கள், தம்பி.

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. ஆக்சுவரி ஆவதா, எம்.பி.ஏ. இன்ஷூரன்ஸ் போவதா என்று குழப்பம். இரண்டும் ஒன்றுதானா?
– ஒரு மாணவி, திருச்சி

ஒன்றே இல்லை. எம்.பி.ஏ. படித்தவர், “இந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளலாமா, என்ன நிபந்தனையில்?” என்று முடிவு செய்வார். ஆக்சுவரி, “இதுபோல் பத்தாயிரம் பேரை எடுத்துக்கொண்டால் முப்பது வருடம் கழித்து எல்லோருக்கும் கொடுக்கக் கையில் பணம் இருக்குமா?” என்று பார்ப்பார்.

இந்தத் தொழிலின் வேர் உங்களுக்குப் பிடிக்கும். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தாரே எட்மண்ட் ஹாலி, அவர்தான் 1693-ல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அட்டவணை போட்டவர். பிறகு ஜேம்ஸ் டாட்சன் என்ற லண்டன் கணித ஆசிரியர். வயதாகிவிட்டது என்று ஓர் ஆயுள் காப்பீட்டுச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்துவிட்டது. சரி, எந்த வயதுக்காரரையும் சேர்க்கலாம், வயதுக்கேற்ற பிரீமியம் வாங்கினால் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். இளவயதில் கொஞ்சம் கூடுதலாக வாங்கிச் சேர்த்துவைத்தால், ஆயுள் முழுக்க ஒரே பிரீமியம் வாங்கலாம். அவர் இறந்த பிறகு, 1762-ல் அந்தக் கணக்கின்மேல் ஈக்விடபிள் சங்கம் எழுந்தது. நம் வீட்டில் வருடா வருடம் ஒரே தொகையைக் கட்டுகிறோமே, அந்த வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

உங்களுக்கான பாதை: இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா நடத்தும் ஏசெட் நுழைவுத் தேர்வு. அதன்பின் புள்ளியியல், நிதிக் கணிதம், பொருளாதாரம் என்று பத்துக்கும் மேற்பட்ட தாள்கள். எழுத்துத் தேர்வுகள் மட்டும் போதாது, வேலை அனுபவமும் காட்டவேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. ஆக்சுவரியல் சயின்ஸ் இருக்கிறது. பட்டம் ஒரு பக்கம், இன்ஸ்டிடியூட் தேர்வு இன்னொரு பக்கம் என்று இரண்டையும் இழுக்கவேண்டியிருக்கும். ஃபெல்லோ ஆக வருடக்கணக்காகும். நடுவில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் அவர்களும் வீணாவதில்லை. ஐந்தாறு தாள் முடித்தவரையே கம்பெனிகள் வேலைக்கு எடுக்கின்றன. நிகழ்தகவுக் கணக்கை யாரும் சொல்லாமலே ராத்திரி உட்கார்ந்து போடுகிற பெண்ணா நீங்கள்? அப்படியென்றால் எம்.பி.ஏ.வை மறந்துவிடுங்கள்.

தனியார் வங்கியில் வேலை. லோன் கேட்டு வருகிறவர்கள் தலையில் பாலிசியைக் கட்டச் சொல்லி மாதாமாதம் டார்கெட். வெறுத்துவிட்டது. இந்தத் துறையையே முறையாகப் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது. புனேயா, ஹைதராபாத்தா, லண்டனா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

வெறுப்பு நல்ல காரணம்தான், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படிக்கமுடியாது. முதலில் வேலையில் இருந்துகொண்டே லைசென்ஷியேட் எழுதுங்கள். பாடப் புத்தகம் உங்களைப் பிடித்துக்கொண்டால் மேலே யோசிக்கலாம்.

உள்நாட்டில் மூன்று பெயர் சொல்வேன். புனேயில் நேஷனல் இன்ஷூரன்ஸ் அகாடமி, 1980-ல் தொடங்கியது. பொதுத்துறைக் கம்பெனி அதிகாரிகள் பயிற்சிக்குப் போகிற இடமே அதுதான். அவர்கள் நடத்தும் முதுநிலை டிப்ளமோவில் சேர்ந்தால், நாற்பது வயது கிளைம் மேனேஜர்களோடு ஒரே கேன்டீனில் சாப்பிடலாம். பாடத்தைவிட அந்தப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஹைதராபாத்தில் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஷூரன்ஸ் அண்ட் ரிஸ்க் மேனேஜ்மென்ட். ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் அன்றைய ஆந்திர அரசும் சேர்ந்து 2002-ல் அமைத்தது. ஆணையத்தின் தலைமையகமும் அதே ஊரில். மூன்றாவது, கிரேட்டர் நொய்டாவில் பிம்டெக். அங்கே இன்ஷூரன்ஸுக்கென்றே தனி டிப்ளமோ உண்டு.

லண்டனில் பேயஸ் பிசினஸ் ஸ்கூலில் ‘இன்ஷூரன்ஸ் அண்ட் ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்றே ஒரு எம்.எஸ்சி. இருக்கிறது. முன்பு காஸ் என்ற பெயர். 2021-ல் நிகழ்தகவுத் தேற்றத்துக்குப் பெயர்போன தாமஸ் பேயஸ் பெயரை வைத்தார்கள். அந்த மனிதரின் கல்லறையும் பக்கத்திலேயே, பன்ஹில் ஃபீல்ட்ஸில். அங்கிருந்து லாயிட்ஸ் கட்டிடமும் அதிக தூரமில்லை. லாயிட்ஸை எல்லோரும் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று நினைக்கிறார்கள், அது ஒரு இன்ஷூரன்ஸ் சந்தை. 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிக் கூடிப் பேசியதில் வளர்ந்தது.

கடன் வாங்கி லண்டன் போகலாமா என்றால், மறுகாப்பீட்டில்தான் வாழ்க்கை என்று முடிவு செய்தவர் மட்டும் போகட்டும் என்பேன். மறுகாப்பீடு என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி தனக்கே எடுத்துக்கொள்ளும் இன்ஷூரன்ஸ். 1861-ல் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் என்ற சிற்றூர் ஒரே இரவில் எரிந்துபோனது. உள்ளூர்க் காப்பீட்டாளர்களிடம் அதைத் தாங்கப் பணம் இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 1863-ல் தொடங்கிய ஸ்விஸ் ரீ. ஒரே ஊரின் ஆபத்தை ஒரே ஊரில் வைக்கக்கூடாது என்பது பாடம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஒரே வாரத்தில் குவிந்த கார், கடை, தொழிற்சாலை கிளைம்களை யோசித்துப் பாருங்கள், மறுகாப்பீட்டு ஒப்பந்தம் ஏன் வேண்டும் என்று தெரியும். நம் நாட்டில் இதற்கு மும்பையில் ஜி.ஐ.சி. ரீ இருக்கிறது. வெளிநாட்டு மறுகாப்பீட்டாளர்களும் மும்பையில் கிளை வைத்திருக்கிறார்கள். ஆகவே லண்டன் போகாமலும் அந்த வேலைக்கு வழி உண்டு.

அப்பாவின் மருத்துவக் கிளைமை, “ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்ததை மறைத்துவிட்டீர்கள்” என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். கிளைமை எப்படி மறுப்பது என்று கற்றுக்கொடுக்கத்தானே உங்கள் படிப்பு?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

உங்கள் கோபம் எனக்கு அவமானமில்லை, நியாயமாகவே கேட்கிறீர்கள். எப்போது மறுக்கலாம் என்பதையும் கற்றுக்கொடுக்கிறோம். எப்போது மறுக்கமுடியாது என்பதையும் அதே புத்தகத்தில் வைத்துத்தான்.

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்துக்கு முழு நம்பிக்கை அடிப்படை. மற்ற வியாபாரத்தில் வாங்குகிறவர் விழிப்பாக இருக்கவேண்டும். இங்கே வாங்குகிறவருக்குத்தான் தன் உடம்பைப் பற்றி எல்லாம் தெரியும், விற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் புரபோசல் ஃபார்மில், அதாவது பாலிசி கேட்டு நிரப்பும் விண்ணப்பத்தில், கேட்டதற்கு உண்மை சொல்லவேண்டும். எல்லோரும் மறைத்தால், மறைக்காதவர்கள் கட்டும் பிரீமியம்தான் ஏறும். ஆனால் கம்பெனிக்கும் கடிவாளம் உண்டு. 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு: ஆயுள் காப்பீட்டில் மூன்று வருடம் கடந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்கமுடியாது. மருத்துவக் காப்பீட்டில் 2024-லிருந்து அந்தக் கெடு 60 மாதம். அதற்குப் பிறகு, மறைத்தார் என்று சொல்லி மறுக்கக்கூடாது, மோசடியை நிரூபித்தாலொழிய. ஏற்கெனவே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் வைக்கவும் முடியாது.

அப்பா பாலிசி எடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இடையில் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிறகு புரபோசல் ஃபார்மின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். பல நேரம் ‘இல்லை’ என்று டிக் அடித்தது அப்பாவாக இருக்காது. கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) மனுப் போடலாம். செலவில்லை. வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை, நீங்களே பேசவேண்டும். 50 லட்ச ரூபாய் வரை அவருக்கு அதிகாரம். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும், அதைத் தவறவிடாதீர்கள்.

என் வகுப்பில் மாணவர்களைப் பாதியாகப் பிரித்து, ஒரு கட்சி கம்பெனிக்கும் ஒரு கட்சி நோயாளிக்கும் வாதாடச் சொல்வேன். அடுத்த வாரம் கட்சியை மாற்றிவிடுவேன். முதல் வாரம் கர்ஜித்தவர்கள் இரண்டாம் வாரம் தடுமாறுவார்கள்.

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தேன். சர்வேயர் வேலையில் நல்ல வருமானம் என்கிறார்கள். நிலத்தை அளக்கும் வேலையா அது?
– இன்ஜினீயரிங் பட்டதாரி, தூத்துக்குடி

நிலமில்லை தம்பி, நஷ்டத்தை அளக்கும் வேலை. கம்பெனிக்கும் கிளைம்தாரருக்கும் நடுவில் நின்று, எது எதனால் சேதமானது, எவ்வளவு என்று அறிக்கை தருபவர். தீ, கடல்சார் சரக்கு, கப்பல், இன்ஜினீயரிங், மோட்டார் என்று துறைகள் பிரித்திருக்கிறார்கள். உரிமம் தருவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இன்ஜினீயரிங் பட்டம் அதற்கு ஏற்ற தகுதி. உரிமம் உள்ள ஒரு சர்வேயரிடம் பயிற்சியாளராக இருந்து, தேர்வும் எழுதவேண்டும். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், விண்ணப்பிக்குமுன் ஆணையத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

துறைமுக ஊரில் இருந்துகொண்டு மோட்டார் பக்கம் போகாதீர்கள், அங்கே கூட்டம் அதிகம். சரக்குப் பக்கம் வாருங்கள். ஓடு நீக்காத முந்திரிக்கொட்டை மூட்டைகள் கப்பலில் வருகின்றன, இறக்கும்போது அடி மூட்டைகள் நனைந்திருக்கின்றன. நனைத்தது கடல் தண்ணீரா, மழையா, கப்பல் கிடங்கின் இரும்புச் சுவரில் படிந்து ஒழுகிய ஈரமா? சர்வேயர் பையில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சின்னக் குப்பியில் இருக்கும். நனைந்த சாக்கில் கொஞ்சம் வழித்தெடுத்து ஒரு சொட்டு விட்டால், கடல் உப்பு இருந்தால் பால்போல் வெண்மை திரளும். அந்த ஒரு சொட்டில் லட்சங்கள் கைமாறும். ஏனென்றால் சரக்குக் காப்பீட்டில் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ் ‘பி’ என்ற நிபந்தனைத் தொகுப்பை எடுத்திருந்தால், கப்பலுக்குள் கடல் தண்ணீர் புகுந்ததற்குப் பணம் உண்டு, மழை நனைத்ததற்கு இல்லை. ‘ஏ’ எடுத்தவருக்கு மழைக்கும் உண்டு. வேதியியலும் வாசகமும் ஒரே இடத்தில் சந்திக்கிற வேலை இது. எனக்கு மறுபடி இருபது வயது வந்தால் நான் இதற்குத்தான் போவேன்.

வருமானம் பற்றி: சம்பளம் இல்லை, ஃபீஸ்தான். ஆரம்பத்தில் வறட்சி இருக்கும். கையில் கொஞ்சம் சேமிப்போடு இறங்குங்கள்.

எங்கள் வயல் முழுக்க மூழ்கியது, பயிர்க் காப்பீடு வரவில்லை. பக்கத்து ஊரில் நல்லா விளைந்தவருக்கு வந்தது. எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் நான் இதை ஆய்வாக எடுக்கலாமா?
– விவசாயி மகன், மன்னார்குடி

எடுங்கள், அவசியம் எடுங்கள். இதைவிட நல்ல தலைப்பு டெல்டாக்காரருக்குக் கிடைக்காது.

2016 காரீஃப் (மழைக்கால) பருவத்தில் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரீஃப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபி (குளிர்காலப்) பயிருக்கு 1.5, வணிக, தோட்டப் பயிர்களுக்கு 5 வரை. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. திட்டத்தின் முக்கியப் பகுதியில் தனி வயலை யாரும் பார்ப்பதில்லை. ஒரு வட்டாரத்தை ஓர் அலகாக வைத்து, அங்கே சில வயல்களைத் தேர்ந்து பயிர் அறுவடைப் பரிசோதனை செய்வார்கள். அந்தச் சராசரி, நிர்ணயித்த விளைச்சலுக்குக் கீழே போனால், அலகிலுள்ள எல்லோருக்கும் அதே விகிதத்தில் பணம். நிர்ணயம் 2,000 கிலோ, அறுவடையில் வந்தது 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை கால் பங்கு. ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்றால் 9,000 கிடைக்கும். உங்கள் வயல் பூஜ்யமானாலும் 9,000தான், பக்கத்து வயல் பொன்னாக விளைந்தாலும் 9,000தான். உங்கள் அலகின் சராசரி நிர்ணயத்தைத் தாண்டிவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். வயலின் நஷ்டமும் அலகின் கணக்கும் பொருந்தாமல் போகும் இந்த ஆபத்தை பேசிஸ் ரிஸ்க் என்பார்கள்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்றும் எழுதவேண்டும். லட்சக்கணக்கான வயல்களுக்கு ஆள் அனுப்பினால் செலவு பிரீமியத்தையே தின்றுவிடும். தவிர, தன் வயலுக்கே தனியாகப் பணம் வரும் என்றால் கடைசி உரத்தைப் போடாமல் விடுகிற ஆளும் இருப்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் இடம்தான் ஆய்வுக்கு ஏற்றது. அலகைச் சிறிதாக்கினால் இந்த அநியாயம் எவ்வளவு குறையும், பரிசோதனைச் செலவு எவ்வளவு கூடும்? உங்கள் வட்டாரத்துப் பழைய விளைச்சல் கணக்குகளை வேளாண்மைத் துறையிலும் புள்ளியியல் துறையிலும் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்றால் இன்ஷூரன்ஸ் எடுத்துவைப்பதுதானே? அதற்கு எதற்குத் தனித் தாள்?
– பட்டாசு ஆலை மேற்பார்வையாளர், சாத்தூர்

நீங்களா இதைக் கேட்பது! உங்கள் ஆலையில் கொட்டகைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பது ஏன்? ஒரு கொட்டகைக்குள் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் கூடாது என்று எழுதி மாட்டியிருப்பது ஏன்? ஒன்று வெடித்தால் ஒன்றோடு நிற்கட்டும் என்பதற்காக. அதுதான் ரிஸ்க் மேனேஜ்மென்ட். இன்ஷூரன்ஸ் அதில் கடைசிப் படி. முதலில் ஆபத்தைத் தவிர்க்கமுடியுமா, முடியாவிட்டால் குறைக்கமுடியுமா, சின்னதாக இருந்தால் நாமே தாங்கிக்கொள்ளலாமா என்று பார்த்துவிட்டு, மிச்சத்தைத்தான் கம்பெனியிடம் மாற்றுவது. 1984 போபாலுக்குப் பிறகு, 1991-ல் அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்கள் பொதுமக்களுக்காகக் கட்டாயம் காப்பீடு எடுக்கவேண்டும் என்று பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பாலிசி இருக்கிறது என்ற தைரியத்தில் கூடுதலாக நாலு பேரைக் கொட்டகைக்குள் உட்காரவைக்கும் முதலாளிக்கு, எந்த அண்டர்ரைட்டரும் பாலிசி தரக்கூடாது.

இன்ஷூரன்ஸ் சரித்திரத்தில் தமிழ்நாட்டுக்கு இடமுண்டா? தேர்வில் கேட்பார்களா?
– போட்டித் தேர்வு மாணவர், சென்னை

கேட்பார்கள். 1956 செப்டம்பர் 1-ல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி., 1973 ஜனவரி 1-ல் 107 பொதுக்காப்பீட்டுக் கம்பெனிகள் நான்காகச் சுருங்கியது, அந்த நான்கில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. இவை மனப்பாடம் ஆகியிருக்கவேண்டும்.

தேர்வில் கேட்காததைச் சொல்கிறேன். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடத்தைத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா லைஃப் நிறுவனம். ஐ.ஓ.பி. வங்கியை 1937-ல் நிறுவியவரும் அவர்தான். 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார். பின்னால் நாட்டுடைமை வந்தது, 1959-ல் திறந்தபோது கட்டிடம் எல்.ஐ.சி.யுடையது. 1975-ல் அதே கட்டிடத்தில் பெரிய தீ விபத்து.

இன்னொன்று, முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகாத நிலையில், கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிகளின் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கிளப்பினார், நீதிபதி சாக்ளா விசாரித்தார், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சராக இருந்த சென்னைக்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பிரீமியப் பணத்தை எங்கே போடுவது என்பது இன்ஷூரன்ஸில் பாதித் தொழில். அதைப் பாடமாக நடத்த இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. எல்.ஐ.சி.யின் ஏ.ஏ.ஓ. (உதவி நிர்வாக அதிகாரி) தேர்வுக்கு வருடங்களைப் படியுங்கள், நேர்முகத்துக்கு இதைப் படியுங்கள்.

பெண்களுக்குக் கிளைம் பிரிவு ஒத்துவருமா? நேரம்காலம் இல்லாமல் கிடங்கு, ஆலை என்று அலையவேண்டுமாமே?
– முதலாண்டு மாணவி, ராஜபாளையம்

ஒத்துவந்ததால்தான் இங்கே உட்கார்ந்து உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். அலையத்தான் வேண்டும். ஆரம்பத்தில், “ஆம்பளை யாரும் வரலையா?” என்பார்கள். நாலு கேள்வி சரியாகக் கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். வாட்ச்மேனிடமும் லோடுமேனிடமும் முதலில் பேசுங்கள், முதலாளியிடம் கடைசியில். முகப்புக் கதவு பூட்டியிருந்ததா, தீ எந்த மூலையில் முதலில் தெரிந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டாக் ரிஜிஸ்டரை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், நாளைக்குப் போனால் புது ரிஜிஸ்டர் இருக்கும். செருப்பு வேண்டாம், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். எரிந்த கிடங்கில் பலகையெல்லாம் சாம்பலாகி ஆணி மட்டும் கிடக்கும்.